பல்லுள்ள தண்டவாளம்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கம் புறப்பட்டது 1856 ஜூலை 1ஆம் தேதி. வடசென்னைக்காரர்களுக்கு இது மனப்பாடம். ராயபுரம் நிலையத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எங்கள் தெருவில் யாராவது ஒருவர் இந்தத் தேதியைச் சொல்லாமல் விடமாட்டார். ஆனால் நீலகிரி மலைமேல் ரயில் விடலாம் என்ற யோசனை எழுந்தது 1854இல். சமவெளியில் நேராக ஓடும் ரயிலையே இந்த மாகாணம் கண்ணால் பார்த்திராத காலத்தில், அதை ஈராயிரம் மீட்டருக்கு மேலே ஏற்றிவிடலாம் என்று சிலர் காகிதத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பொறாமையும் வருகிறது.

அந்த அவசரத்துக்குக் காரணம் நம் ஊர் வெயில்தான். சித்திரை நெருங்கினால் சென்னை மாகாண அரசு உதகமண்டலத்துக்குக் குடிபெயர்ந்துவிடும். ஆளுநர், அதிகாரிகள், குமாஸ்தாக்கள், கட்டுக்கட்டாகக் கோப்புகள் என எல்லாம் மலை ஏறும். 1873இல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்துவிட்டது. அதற்கு மேலே மாட்டுவண்டியும் குதிரைவண்டியும்தான். மலைப்பாதைக்கு முதல் மண்ணை வெட்டிப்போட 1891 ஆகிவிட்டது. வெட்டியவர் அப்போதைய ஆளுநர் வென்லாக் பிரபு. ஊட்டிக்குப் போகும் சினிமாக்காரர்கள் விடாமல் பாட்டெடுக்கும் வென்லாக் புல்வெளி இவர் பெயரில்தான் இருக்கிறது. மண்ணை வெட்டி மூன்றாண்டுக்குள், 1894இல், பாதை போட வந்த கம்பெனி மூழ்கிப்போயிற்று. இன்னொரு கம்பெனி வந்து மிச்ச வேலையை வாங்கிச் செய்து, 1899இல் குன்னூர் வரைக்கும் வண்டி ஓடிற்று. ஊட்டியைத் தொட 1908. யோசனைக்கும் ஊட்டி நிலையத்துக்கும் நடுவே ஐம்பத்து நான்கு ஆண்டுகள். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய தெருவைச் சுற்றிக்கொண்டு அலுவலகம் போகும் நாம் இந்தக் கணக்கை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளலாம்.

நான் மேட்டுப்பாளையத்துக்குப் போனது பெரியப்பாவுடன். அவர் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ரயிலில் போவதைவிட ரயிலுக்கு அடியில் போவதில் ஆர்வம் அதிகம். வழக்கமாகச் சென்னைக்காரர்கள் சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, விடிகாலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிப்போய் மலை ரயிலில் இடம் பிடிப்பார்கள். பெரியப்பா அந்த ஓட்டத்துக்கு ஒப்புக்கொள்ளவில்லை. “ஒரு நாள் முன்னாடியே போய் ஸ்டேஷனைப் பார்க்க வேண்டும். அங்கே சின்னதாக ஒரு மியூசியம் இருக்கிறதாம்” என்று சொல்லிவிட்டார். எனவே மலை ரயில் காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பிப் போய், கூட்டம் கலைந்து, டீக்கடைக்காரர் பாத்திரம் கழுவத் தொடங்கியிருந்த நேரத்தில் நாங்கள் நிலையத்துக்குள் நுழைந்தோம்.

மலையின் காலடியில் இருக்கும் அருங்காட்சியகம் அது. நீலகிரி நேரெதிரே சுவர் எடுத்தது போல நிற்கிறது, ஆனால் உள்ளே இருப்பவர்களுக்குக் கோவை மாவட்டத்து வெக்கைதான். பெரிதாகக் கற்பனை செய்துகொண்டு போக வேண்டாம். பழைய படங்கள், மண்ணெண்ணெய்க் கைவிளக்குகள், கெட்டி அட்டை டிக்கெட்டுகள், டோக்கன் கருவி, இரும்புச் சாமான்கள். வேகமாக நடப்பவர் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். பெரியப்பாவுடன் போனால் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும்.

பெரிய அருங்காட்சியகங்களில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வில்லிவாக்கத்தில், ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். ஆலைக்குப் பக்கத்தில், 2002இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்துக்கு எங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பலமுறை அழைத்துப் போயிருக்கிறேன். நல்ல இடம். மர நிழல் உண்டு, பொம்மை ரயில் உண்டு, பழைய நீராவி என்ஜின்களை மிக அருகே போய்ப் பார்க்கலாம். ஆனால் அங்கே நிற்கும் என்ஜின்கள் முழுசாக நிற்கின்றன. முழுசாக நிற்கும் என்ஜின், பெயின்ட் அடித்து, பளபளவென்று, எதையும் சொல்லாமல் நிற்கும். பிள்ளைகள் ஏறுவார்கள், இறங்குவார்கள், ஐஸ்கிரீம் கேட்பார்கள். ஓர் இயந்திரம் என்ன செய்கிறது என்று புரிய வேண்டுமானால் அதில் ஒரு துண்டைக் கழற்றி மேசைமேல் வைக்க வேண்டும். சின்ன அருங்காட்சியகத்துக்கு முழு என்ஜினை வைக்க இடம் இருக்காது. அந்த ஏழ்மையே அதற்கு வாய்த்த வசதி.

மேட்டுப்பாளையத்தில் பெரியப்பா அசையாமல் நின்றது பல்தண்டவாளத்தின் முன்னால். அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஊட்டி ரயிலின் கதை முழுவதும் அந்தப் பற்களுக்குள் அடங்கிக்கிடக்கிறது.

ரயில் சக்கரம் இரும்பு, தண்டவாளமும் இரும்பு. இரண்டும் வழவழப்பு. அந்த வழவழப்பினால்தான் ஒரே என்ஜின் ஆயிரக்கணக்கான டன்னை இழுத்துக்கொண்டு சமவெளியில் ஓடுகிறது. அதே வழவழப்புத்தான் மலையில் எமன். கல்லாறு முதல் குன்னூர் வரை சுமார் இருபது கிலோமீட்டருக்குள் பாதை ஏறத்தாழ 1,300 மீட்டர் உயர்கிறது. ஆகச் செங்குத்தான இடங்களில் பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே போயிருப்போம். அந்தச் சரிவில் வெறும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும், அல்லது பின்னால் வழுக்கும். எனவே இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில், பல் வெட்டிய எஃகுப் பட்டைகளைப் பதித்தார்கள். என்ஜினின் அடியிலிருந்து ஒரு பல்சக்கரம் அதில் பதிந்து, பல் பல்லாகப் பிடித்து ஏறும்.

இதுவரை எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது, நடுவில் இருப்பது ஒரு பட்டை அல்ல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு என்பது. அதிலும் ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். பெரியப்பா குனிந்து, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மடக்கி வைத்துக் காட்டினார். “இந்தப் பல் விடுகிற நேரத்தில் அந்தப் பல் நடுவில் நன்றாகப் பிடித்திருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் விடவே விடாது.” தென்னை ஏறுகிறவர் கையை மேலே நகர்த்தும்போது கால் மரத்தைக் கவ்வியிருக்கும், காலை நகர்த்தும்போது கை கவ்வியிருக்கும். இதுவும் அதேதான். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் என்பவர் 1880களில் கண்டுபிடித்த முறை. அவருக்கு முந்தியே ரிக்கன்பாக் என்ற இன்னொரு சுவிஸ்காரர், ஏணி போன்ற ஒற்றைப் பல்பாதையை உலகுக்குத் தந்தவர், நீலகிரிக்கும் திட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். நீலகிரிக் கம்பெனிகள் தடுமாறித் தடுமாறித் தாமதித்ததில் ஒரு நன்மை, ஆப்ட்டின் மேலான முறை கைக்கு வந்துவிட்டது. இந்தியாவில் பல்பாதையில் ஏறும் ரயில் இது ஒன்றுதான். டார்ஜிலிங் ரயிலும் சிம்லா ரயிலும் வளைந்து வளைந்து வெறும் சக்கரத்தால் ஏறுபவை.

பெரியப்பாவின் கவனம் அடுத்து என்ஜினுக்குப் போயிற்று. பிராட் கேஜ் என்ஜின்களையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு மீட்டர் கேஜ் என்ஜின் பொம்மை போலத் தெரியும் என்று நினைத்தேன். அவரோ படத்தின் முன்னால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு பக்கத்துக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர் என்பதைக் காட்டினார். எக்ஸ் வகுப்பு என்ஜின் இது. 1914 முதல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்து ஆலையில் செய்து கப்பலேற்றி வந்தவை, கடைசித் தொகுதி 1952இல் வந்தது. மொத்தம் நான்கு சிலிண்டர்கள். கீழே உள்ள இரண்டும் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மேலே உள்ள இரண்டும் பல்சக்கரத்தை ஓட்டும். சமதளத்தில் கீழ்ச் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்யும், மேலே உள்ளவை சும்மா இருக்கும். பல்பாதை வந்ததும், கீழே வேலை முடித்து வெளியேற வேண்டிய நீராவியை வீணாக்காமல் மேல் சிலிண்டர்களுக்குள் அனுப்பி, அதே நீராவியை இரண்டாம் முறை உழைக்க வைப்பார்கள். பழைய சோற்றை வீணாக்காத வீட்டில் வளர்ந்த பெரியப்பாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. “கெட்டிக்காரப் பயல்கள்” என்று இருமுறை சொன்னார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

அங்கே ஒரு விஷயம் எனக்கு மெல்ல உறைத்தது. வழக்கமாக அருங்காட்சியகம் என்றால் போய்விட்ட பொருளுக்கான இடம். ஆனால் இங்கே உள்ளே வைத்திருக்கும் பல்பட்டையும் பல்சக்கரமும், மறுநாள் காலையில் வெளியே ஆட்களை ஏற்றிக்கொண்டு போகப்போகின்றன. சென்னையில் மீட்டர் கேஜ் பாதைக்குக் கதை முடிந்துவிட்டது. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931இல் தொடங்கிய மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004இல் நின்றது. எழும்பூரில் அந்தக் குறுகிய வண்டிகளில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போன தலைமுறைக்கு அது ஞாபகம் மட்டும்தான். மேட்டுப்பாளையத்தில் அதே ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம் இன்றும் எண்ணெய் குடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிறது. 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக, ஏற்கெனவே பட்டியலில் இருந்த டார்ஜிலிங் ரயிலுடன் சேர்த்து அறிவித்தது. பட்டயத்தைக் கண்டு மகிழ்வோர் மகிழட்டும். வண்டியை ஓட்டுவது பட்டயம் அல்ல.

வண்டியை ஓட்டுவது கை. சுவிஸ் ஆலையிலிருந்து இனி உதிரிப்பாகம் வராது. திருச்சி பொன்மலைப் பணிமனையில் பழைய என்ஜின்களைப் பிரித்துப் பார்த்து, அளவெடுத்து, வார்த்து, 2011 முதல் அதே எக்ஸ் வகுப்பில் புதிய நீராவி என்ஜின்களையே செய்து அனுப்பினார்கள். நீராவி என்ஜின் செத்துவிட்டது என்று நாடே முடிவுகட்டிப் பல ஆண்டுகள் ஆன பிறகு. பெட்டிகளிலும் சில நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையில் புதிதாகக் கட்டியவை. இதைச் சொன்னபோது பெரியப்பாவின் தோள் லேசாக நிமிர்ந்தது. அவர் வேலை பார்த்தது ஐ.சி.எஃப்.இல் அல்ல, வேறு பணிமனையில். ஆனால் பெரம்பூர் என்ற பெயர் போதும்.

இந்தக் கைகளின் அறிவைக் கண்ணாடிக்குள் வைக்க வழியில்லை. பாய்லர் ஓசையைக் கேட்டே எங்கே கசிகிறது என்று சொல்பவரை எப்படி மாட்டிவைப்பது? ரயில் வரலாறு எழுதியவர்கள் எல்லோரும் ஆளுநர் பெயரையும் கம்பெனிப் பெயரையும் பொறியாளர் பெயரையும் விடாமல் எழுதினார்கள். பதினாறு குகைகளைக் குடைந்து, சிறிதும் பெரிதுமாய் இருநூற்றைம்பது பாலங்களைக் கட்டியவர்களை ‘கூலிகள்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். பழைய படங்களில் அவர்கள் தலைப்பாகையுடன் ஓரமாக நிற்பார்கள், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. பெரியப்பா அத்தகைய படங்களில்தான் அதிக நேரம் செலவிடுவார். என்ன தேடுகிறார் என்று கேட்டேன். “சம்மட்டியை எப்படிப் பிடித்திருக்கிறான் என்று பார்க்கிறேன்” என்றார்.

டோக்கன் கருவியைப் பற்றி ஒரு வரி. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடாமல் இருக்க, ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரை போவதற்கு டிரைவர் கையில் ஒரு டோக்கன் இருக்க வேண்டும். ஒன்று வெளியே இருந்தால் இரண்டு முனையிலும் கருவி பூட்டிக்கொள்ளும், இன்னொன்றை எடுக்க முடியாது. எங்கள் கூட்டுக்குடும்பத்தில் ஒரே குளியலறை இருந்த காலத்தில் இப்படியொன்று இருந்திருந்தால் பல சண்டைகள் மிச்சமாகியிருக்கும் என்றார் பெரியம்மா, பிறகு நான் தொலைபேசியில் விளக்கியபோது.

மறுநாள் காலை மலை ரயில். இங்கே நான் இயற்கையை வர்ணிக்கப் போவதில்லை. பாக்குத் தோப்பு, அருவி, மேகம், குரங்கு எல்லாம் உண்டு, ஆயிரம் காணொளிகளில் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்தப் பயணத்தில் மிஞ்சியது வேறு. கல்லாறு நெருங்கியதும் வண்டி நடையாக மெலிந்தது. பல்பாதை தொடங்கும் இடத்தில் முதல் துண்டுப் பட்டைக்கு அடியில் ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். பல்சக்கரம் தப்பான இடத்தில் இறங்கினாலும் அமுங்கி, சரிப்படுத்திக்கொண்டு, பல்லோடு பல் கூடும். அடியிலிருந்து ஓர் அதிர்வு, பிறகு சீரான அரைப்பு. பெட்டியில் இருந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. முந்தைய நாள் அந்தப் பட்டைகளைத் தடவிப் பார்க்காமல் இருந்தால் நானும் கவனித்திருக்க மாட்டேன். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ கச்சேரியில் உட்கார்ந்திருப்பவரைப் போலத் தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

என்ஜின் முன்னால் இல்லை, பின்னால். ஏறும்போது அது பெட்டிகளைத் தள்ளிக்கொண்டுதான் போகும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் கீழே உருண்டு போகாமல் என்ஜின் அணையாக நிற்கும். ஆனால் பின்னால் இருக்கும் டிரைவருக்கு முன்னால் இருக்கும் பாதை தெரியாது. எனவே முதல் பெட்டியின் முன்மேடையில் ஒருவர் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் வைத்துக்கொண்டு நிற்கிறார். பாறை விழுந்திருந்தாலும் யானை நின்றிருந்தாலும் அவர் கண்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்றப் பெட்டிகளிலும் ஒவ்வொரு பிரேக்ஸ்மேன். விசில் சத்தத்தைக் கேட்டு, கையால் சுழற்றி, பிரேக்கை இறுக்குவதும் தளர்த்துவதும் அவர்கள் வேலை. டிரைவர் ஓர் ஊதலில் சொல்வதை இவர்கள் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். 46 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் என்று கேலி செய்பவர்கள் அந்த மேடையில் பத்து நிமிடம் நின்று பார்க்கலாம், மழைக்காலத்தில் என்றால் இன்னும் நல்லது. அந்தப் பருவத்தில் மண்சரிந்து பாதை மூடிக்கிடக்காமல் இருந்தால், அதுவே பெரிய விஷயம்.

ஹில்குரோவில் என்ஜின் தண்ணீர் குடிக்க நின்றபோது பெரியப்பா இறங்கிப் போய் எங்கள் பெட்டியின் பிரேக்ஸ்மேனிடம் பேச்சுக் கொடுத்தார்.

“தம்பி, பல்லுக்கும் தனியாக பிரேக் இருக்கிறதா?”

“இருக்கிறது ஐயா. சக்கரத்துக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று. ஐயா ரயில்வேயா?”

“லோகோ ஒர்க்ஸ், பெரம்பூர்.”

அவ்வளவுதான். அதற்குப் பின் எனக்குப் புரிந்த சொற்கள் குறைவு. மற்றப் பயணிகள் வடை வாங்கினார்கள், குரங்குக்குப் பயந்து பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். இவர்கள் இருவரும் பெட்டிக்கு அடியில் குனிந்து எதையோ சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்கள். விசில் ஊதிய பிறகும் பெரியப்பாவை ஏற்ற நான் போய்க் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

குன்னூரில் பல்பாதை முடிகிறது. அங்கே நீராவி என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினை மாட்டுவார்கள். மிச்சப் பாதை ஏற்றம்தான் என்றாலும் வெறும் சக்கரம் தாங்கும் ஏற்றம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று படத்தில் வரும் ஊர்களெல்லாம் இந்தப் பகுதியில்தான். பெட்டியில் இருந்த எல்லோரும் ஜன்னல் பக்கம் பாய்ந்தார்கள். கேத்திப் பள்ளத்தாக்கு திறந்தபோது எங்கள் எதிரே இருந்த பெண்மணி, “ஐயா, இந்தப் பக்கம் பாருங்கள், எவ்வளவு அழகாக இருக்கிறது” என்று பெரியப்பாவை மரியாதையாக எழுப்பினார். அவர் குன்னூர் தாண்டியதுமே தூங்கிவிட்டிருந்தார். விழித்து, வெளியே ஒரு பார்வை பார்த்து, “இங்கே பல் இல்லையேம்மா” என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார்.

ஊட்டியில் நண்பகல் இறங்கினோம். ஏரி, தாவரவியல் பூங்கா, தேயிலை, சாக்லேட் என்று நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன். பெரியப்பா சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துக் காட்டினார். இரண்டு மணிக்குக் கிளம்பும் அதே வண்டியில் திரும்பவும் அவரே இடம் போட்டு வைத்திருக்கிறார், என்னிடம் சொல்லாமல். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் செலவு செய்து ஊட்டிக்கு வந்து, நிலையத்துக்கு எதிரே சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப்போகிற குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம் என்றேன்.

“ஏறுவது என்ன பெரிய காரியம்? நீராவி இருந்தால் ஏறிவிடும்” என்றார், சாம்பாரை விட்டுப் பிசைந்துகொண்டே. “இறங்கும்போது இவ்வளவு எடையையும் பிடித்து நிறுத்துகிறான் பார், அதுதான் வேலை. நீராவியை மூடிவிட்டு அந்தச் சிலிண்டருக்குள்ளேயே காற்றை அமுக்கி, தள்ளுகிற பிஸ்டனைத் தடுக்கிற பிஸ்டனாக்கிவிடுவான். அந்தத் தம்பி சொன்னான், குன்னூருக்குக் கீழே சத்தமே வேறு மாதிரி இருக்குமாம். சீக்கிரம் சாப்பிடு, என்ஜின் பக்கத்துப் பெட்டியில் இடம் மாற்றித் தருவார்களா என்று கேட்க வேண்டும்.”